'சூடு சொரணை'யில் இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

வணக்கம். என் மகள் சிங்கப்பூரில் உயர்நிலை 2 படிக்கிறாள். வரும் செவ்வாய்க்கிழமை வகுப்பில் நெருப்பு, சூடு ஆகிய சொற்களைப் பற்றி 5 நிமிடம் பேச வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மூன்று நாளாகச் சிக்கி நிற்கிறோம்.

மற்றவை ஓரளவு தயார். கொழுந்துவிட்டு எரிந்தால் தீ. சுடர் அடங்கிச் சிவந்து கிடந்தால் தணல். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதியில் பக்தர்கள் இறங்கும் தணல் குழியைப் பூக்குழி என்கிறோம். நெருப்பையே பூ என்று சொல்லும் மொழி என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை! பொறாமைப்பட்டாலும் வயிறு எரிகிறது, பிள்ளை துன்பப்பட்டாலும் பெற்றவளுக்கு வயிறு எரிகிறது. மகிழ்ச்சி வந்தால் மட்டும் மனம் குளிர்கிறது. வெயில் ஊர்க்காரர்கள் அல்லவா நாம்.

சிக்கல் 'சூடு'தான். காய்ச்சலில் உடம்புச் சூடு, செய்தியில் துப்பாக்கிச் சூடு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மாட்டுக்கு வைப்பதும் சூடு. சரி, இவை புரிகின்றன. 'சூடு சொரணை இல்லையா?' என்றால் மட்டும் அது மானம் ஆகிவிடுகிறதே, எப்படி?

வீட்டிலுள்ள இரண்டு அகராதிகளைப் பார்த்தோம். பொருள் இருக்கிறது, காரணம் இல்லை. விக்டோரியா ஸ்திரீட் நூலகத்திலும் ஒரு மாலை முழுக்கத் தேடினோம். அப்புறம் தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவிடம் கேட்டேன். "சுட்டால் உறைக்க வேண்டாமா? உறைக்காதவனைத்தான் அப்படிச் சொல்வோம்" என்றார். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆனால் ஆசிரியர் சான்று கேட்பார் என்கிறாள் மகள்.

அம்மா சொன்ன விளக்கத்துக்குப் பழைய பாடலிலோ வட்டார வழக்கிலோ சான்று ஏதும் தெரியுமா?