காத்மாண்டு தெருச்சுவர்களில் வரைகிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்?

மைக்கூடு:

பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் இருக்கும் என் அக்கா போன வாரம் ஒரு சுவரின் படம் அனுப்பியிருந்தாள். சுவர் முழுக்க தேவநாகரி, ஆனால் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை, இந்தி நன்றாகத் தெரிந்த நண்பன் பார்த்துவிட்டு "எழுத்து தெரியுது, வார்த்தை தெரியல" என்று கையை விரித்துவிட்டான். விசாரித்தால் வரைந்தவர் ஸ்நேஹா ஷ்ரேஸ்தா என்ற நேபாளிப் பெண், 'இமேஜின்' என்ற பெயரில் வரைகிறார். அன்றிலிருந்து வேறு வேலை ஓடவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். நேபாளத்திலேயே இருந்துகொண்டு தெருச்சுவரில் வரைகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்? ராத்திரியில் முகத்தை மூடிக்கொண்டு போய், போலீஸ் வந்தால் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடுவதா? அப்புறம், இதில் சோறு கிடைக்குமா? நானும் எழுத்து வரைகிற ஆள்தான், கடை போர்டு, கல்யாணத் தட்டி இப்படி. அதனால்தான் கேட்கிறேன்.

சாரம்:

ஓடுவதெல்லாம் பெரும்பாலும் இல்லை சார். 2012-லிருந்து நான்கு வருஷம் வேலைக்காகக் காத்மாண்டை ஒட்டிய லலித்பூரில் இருந்தேன், என் வாடகை வீட்டுக்கு எதிர்ச்சுவரிலேயே ஒருவர் ஐந்து நாள் வரைந்ததை மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். காத்மாண்டில் சுவர் என்பது ஏற்கெனவே யாரும் மதிக்காத பொருள். கட்சிக் கோஷம், மாணவர் சங்கத் தேர்தல், கொரியா வேலைக்குப் போக மொழி வகுப்பு, எல்லாம் அதன் மேல்தான். அதற்கு நடுவில் ஒருவர் பட்டப்பகலில் மூங்கில் சாரம் கட்டி ஒரு முகம் வரைந்தால் யார் விரட்டப் போகிறார்கள்? நின்று பார்ப்பார்கள், டீ வாங்கித் தருவார்கள், "எவ்வளவு தருகிறார்கள்?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். அந்த வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் முதல் பெரிய வேலை, "எங்கள் குலதெய்வத்தையும் ஓரத்தில் போடு" என்பார் ஒருவர், சிவப்பு வேண்டாம் கட்சி என்று நினைத்துவிடுவார்கள் என்பார் இன்னொருவர்.

நான் போன சமயம் ஊரே இடிந்து கிடந்தது. பாபுராம் பட்டராய் பிரதமராக இருந்தபோது 2011 கடைசியில் சாலை அகலப்படுத்தும் வேலை தொடங்கி, வீடுகளின் முன்பக்கத்தைக் கேக் வெட்டுகிற மாதிரி வெட்டிவிட்டார்கள். நேற்றுவரை யாரோ படுத்துத் தூங்கிய அறையின் நீலச்சுவர் இன்று தெருவைப் பார்த்து நிற்கும், மாட்டிய காலண்டரின் ஆணி அப்படியே இருக்கும். அந்தச் சமயத்தில்தான் சத்யா என்ற கலைஞர் கூட்டமைப்பு 'கலர் காத்மாண்டு' என்று ஒரு வேலையை எடுத்தது. அப்போது நேபாளத்தில் 75 மாவட்டங்கள் (இப்போது 77), மாவட்டத்துக்கு ஒன்றாக 75 சுவரோவியம். அதற்கு முன்பும் தெருக்கலை இருந்தது, பிரெஞ்சுத் தெருக்கலைஞர் இன்வேடர் 2008-லேயே வந்து மொசைக் சில்லுகளை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் ஊர்க்காரர்கள் "இது என்ன?" என்று நின்று கேட்க ஆரம்பித்தது இந்த 75-க்குப் பிறகுதான் என்பது என் அபிப்பிராயம்.

உங்களுக்குத் தொழில் விஷயம் பிடிக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன். அப்போது குளிர்காலத்தில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரன்ட் இருக்காது (அந்தத் தொல்லை 2016 கடைசியில்தான் காத்மாண்டுப் பள்ளத்தாக்கை விட்டது). வெளிநாட்டில் புரொஜெக்டர் வைத்துச் சுவரில் கோடு போட்டுக்கொள்வார்கள் இல்லையா, இங்கே அதை நம்ப முடியாது. நம் ஊர் பேனர்காரர்கள் மாதிரி கட்டம் போட்டுத்தான் பெரிதாக்கினார்கள். ஸ்ப்ரே கேன் வெளியிலிருந்து வர வேண்டும், விலை கையைக் கடிக்கும், ஆகவே பெரிய பரப்பெல்லாம் கடையில் கிடைக்கும் எமல்ஷனை ரோலரில் அடித்துவிட்டு ஓரத்துக்கும் நிழலுக்கும் மட்டும் கேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, வேலை நடக்காது. மழை விட்டால் புழுதி. எதிர்ச்சுவர்க்காரர் தினமும் காலையில் முதலில் செய்தது, முந்தின நாள் வரைந்ததை ஈரத்துணியால் துடைத்ததுதான்.

தலைக்கோடு:

எழுத்து பற்றிக் கேட்டதால் நான் வருகிறேன். தேவநாகரியில் எழுத்துகள் மேலே ஓடும் தலைக்கோட்டில் தொங்குகின்றன, துணிக்கொடியில் தொங்குகிற துணி மாதிரி. ஸ்நேஹா ஷ்ரேஸ்தா அந்தக் கொடியை வைத்துத்தான் விளையாடுகிறார். ஒரே எழுத்தைப் பட்டையான கோடுகளால் திரும்பத் திரும்ப அடுக்குகிறார், மந்திரம் சொல்கிற மாதிரி, பள்ளிக்கூடத்தில் ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதினோமே அந்த மாதிரியும். உங்கள் நண்பர் சொல்லைத் தேடியிருக்கிறார், அதனால்தான் மாட்டவில்லை. இது படிப்பதற்கு இல்லை.

அவர் கதையும் சுவாரசியம். காத்மாண்டில் பிறந்தவர், கிராஃபிட்டியைக் கற்றுக்கொண்டதோ பாஸ்டனில், 'ஆர்ட்டிஸ்ட்ஸ் ஃபார் ஹ்யூமானிட்டி' என்ற இளைஞர் கலை அமைப்பில் வேலை பார்த்தபோது. அமெரிக்க கிராஃபிட்டி என்றால் தன் பெயரைப் பெரிதாக எழுதுவது, அந்தக் கைப்பழக்கத்தை எடுத்து தேவநாகரிக்குள் கொண்டுவந்தார். பிறகு ஹார்வர்டில் கல்வியியல் படித்தார். காத்மாண்டில் குழந்தைகளுக்கென்று ஒரு கலை அருங்காட்சியகம் ஆரம்பித்தவரும் இவரே. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் நுழைந்த முதல் சமகால நேபாளி ஓவியம் இவருடையது. தெருவில் தொடங்கியது அங்கே போய் நிற்கிறது.

காத்மாண்டிலேயே இருப்பவர்களில் கிரண் மகர்ஜனைப் பாருங்கள், 'எச்11235' என்று கையெழுத்திடுவார் (1, 1, 2, 3, 5, முந்தின இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும், கணக்குப் பைத்தியங்களுக்கு ஃபிபனாச்சி வரிசை ஞாபகம் வரும்). புகைப்படம் போல ஒரு கை அல்லது முகம், அதை உடைத்துக்கொண்டு உலோகத் தகடு மாதிரியான வடிவங்கள், நடுவே காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார்களின் மரச்செதுக்கு வேலை. அவரும் நண்பர்களும் சேர்ந்த ஆர்ட்லேப் குழு 'பிரசாத்' என்று ஒரு திட்டம் போட்டு, இளைஞர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டிய நேபாளிகளின் முகங்களை ஊர் ஊராகப் போய்ச் சுவரில் வரைந்தது.

பழையசுவர்:

எல்லாம் சரி, ஆனால் நேபாளச் சுவரில் ஓவியம் 2012-இல் பிறந்த மாதிரி பேசுவது எனக்கு ஒப்பவில்லை. நேவார்களில் சித்ரகார் என்றே ஒரு சமூகம் இருக்கிறது, பெயரே தொழில். நாகபஞ்சமி அன்று காத்மாண்டில் வீட்டு நிலைக்கு மேல் நாகப் படம் ஒட்டுவார்கள், சாணி வைத்து. அது தெருவைப் பார்த்துத்தானே இருக்கிறது? தெற்கே ஜனக்பூர் பக்கம் மிதிலைப் பெண்கள் தீபாவளிக்கு மண்சுவரில் யானை, மயில், மூங்கில் என்று வரைவார்கள், அடுத்த மழையில் கரையும், அடுத்த வருஷம் மறுபடி. 1989-இல் ஜனக்பூர் மகளிர் வளர்ச்சி மையம் வந்த பிறகுதான் அதே கைகள் லோக்தா என்ற நேபாளக் கைக்காகிதத்தில் வரைந்து விற்கத் தொடங்கின. அவர்களை யாரும் தெரு ஓவியர் என்று சொல்வதில்லை, கையில் கேன் இல்லை, கையெழுத்தும் போடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாரம்:

ஒத்துக்கொள்கிறேன். மண்சுவரை நான் மறந்தேவிட்டேன்.

மைக்கூடு:

எல்லோருக்கும் நன்றி, நாகப் படம் பற்றித் தெரியவே தெரியாது. ஆனால் சோற்றுக் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை!

சாரம்:

சொல்கிறேன். தெருவில் வரைவதற்குக் காசு வராது, தெருவில் வரைந்ததைப் பார்த்துத்தான் காசு வரும். கை கழுவுங்கள், ஓட்டுப் போடுங்கள், பெண்பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்று தொண்டு நிறுவனங்கள் வரையச் சொல்லும், அதில் செய்தியை அவர்களே எழுதித் தந்துவிடுவார்கள். சிலர் பயிலரங்கு நடத்துவார்கள், சிலர் பச்சை குத்துவார்கள். எதிர்ச்சுவர்க்காரருக்கு முக்கால்வாசி வருமானம் சுற்றுலாப் பயணிகள் தங்கும் தாமேல் பக்கத்து ஹோட்டல்கள், கஃபேக்களிலிருந்து. அங்கே எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்று, ஸ்தூபியில் இருக்குமே அந்தப் புத்தர் கண்கள். தூக்கத்தில்கூட வரைவேன் என்பார்.

உங்களுக்காக ஒன்று, எழுத்துக்காரர் என்பதால். அந்தக் கண்களுக்குக் கீழே மூக்கு மாதிரி ஒரு சுருள் இருக்குமே, அது மூக்கே இல்லை, நேபாளி எண் ஒன்று. ஒரு கஃபேயில் வெளியூர் முதலாளி ஒருவர் சாரத்துக்குக் கீழே நின்று, "மூக்கு கோணலாக இருக்கிறது, நேராக்கு" என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். இவர் இறங்கி வந்து விளக்கிப் பார்த்திருக்கிறார், எடுபடவில்லை. நேராக்கிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "இப்போது அங்கே புத்தருக்கு மூக்கு இருக்கிறது" என்று சொல்லிச் சிரித்தார்.