ரீடிங்கை அழித்துவிட்டுப் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதுகிறார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி (சாயங்கால டீச்சர்):
பள்ளி முடிந்ததும் ஏழு, எட்டாம் வகுப்பு மாணவிகளுக்கு அறிவியல் கிளப் நடத்துகிறேன். ஆர்வத்துக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்ததுமே "மிஸ், எவ்வளவு வரணும்?" என்கிறார்கள். வேறு மாதிரி வந்துவிட்டால் சத்தமில்லாமல் ரப்பரால் அழித்து, பக்கத்து மேசைக்காரி எழுதியதை எழுதிவிடுகிறார்கள். வகுப்பில் என்றால் மார்க்குக்காக என்று விடலாம். இங்கே மார்க்கே கிடையாதே! இதை எப்படி மாற்றுவது?

பதில் (நட்டும் போல்ட்டும்):
முதலில் பென்சிலை வாங்கி வைத்துவிடுங்கள். பேனா மட்டும்தான். தப்பென்று தோன்றினால் ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம். அடித்த எண்ணும் படிக்கிற மாதிரி இருக்கணும்.

அப்புறம், எல்லாருக்கும் ஒரே சோதனையைக் கொடுத்தால் காப்பிதான் அடிப்பார்கள். எங்கள் கிளப்பில் தனி ஊசல் செய்யும்போது குழுவுக்கு ஒரு நீளம். நூல், நுனியில் ஓர் இரும்பு நட்டு, அவ்வளவுதான். 10 அலைவுக்கு (ஒரு தடவை போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு) நேரம் பார்த்து 10-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். ஒரே அலைவை அளந்தால் பட்டனை அழுத்தும் தாமதமே விடையைக் கெடுத்துவிடும். எல்லாப் புள்ளிகளையும் கரும்பலகையில் ஒரே வரைபடத்தில் வைத்தால் 25 செ.மீ.க்கு 1 வினாடி, 100 செ.மீ.க்கு 2 வினாடி என்று வளைகோடு தெரிய ஆரம்பிக்கும். "நீளம் நாலு மடங்கு, நேரம் ரெண்டு மடங்குதானா?" என்று எவளாவது கேட்கும்வரை சூத்திரத்தைச் சொல்லாதீர்கள். (எனக்கு இதுதான் கஷ்டம்.)

ஒரு புள்ளி மட்டும் தள்ளி நின்றால் "மறுபடி செய்" என்று சொல்வதில்லை. மொத்தப் பேரும் அந்த மேசைக்குப் போவோம். நட்டின் நடுப்பகுதி வரை அளக்காமல் முடிச்சோடு நிறுத்தியிருப்பார்கள். இல்லையென்றால் விடும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கியிருப்பார்கள். பத்து என்று சொல்லும்போது ஒன்பது அலைவுதான் ஆகியிருக்கும். இதைக் கண்டுபிடிக்கிறவளுக்கு வருகிற குஷியைப் பார்க்கணுமே!

பதில் (கடைசி பெஞ்ச்):
கையெழுத்து அழகாக இருக்கிறவள் எழுதிக்கொண்டே இருப்பாள், துணிச்சல்காரி வாட்சை விடமாட்டாள். பெண்கள் மட்டும் இருக்கிற கிளப்பிலும் இது நடக்கும். வாராவாரம் ஆள் மாற்றுங்கள்.

சாயங்கால டீச்சர்:
பேனா யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் மொத்தப் பேரும் தன் மேசைக்கு வந்தால் கண்கலங்கிவிடக்கூடிய ரெண்டு பேர் இருக்கிறார்கள்.

நட்டும் போல்ட்டும்:
அப்படியென்றால் முதலில் உங்கள் ஊசலையே வேண்டுமென்று தப்பாக அளந்து பலகையில் போடுங்கள். உங்கள் தப்பைப் பிடித்துப் பழகட்டும்.

அந்த ரெண்டு பேருக்கும் 44 செ.மீ. நூலைக் கொடுங்கள். சுமார் 1.33 வினாடி வரும். அளந்து முடித்த பிறகு ஜோசலின் பெல் கதையைச் சொல்லுங்கள். 1967-இல் அவர் ஆராய்ச்சி மாணவி. ரேடியோ தொலைநோக்கியின் காகிதச் சுருளில் கொஞ்சூண்டு கிறுக்கல் மாதிரி ஒன்று. ஏதோ குறுக்கீடு என்று ஒதுக்கியிருக்கலாம், ஒதுக்கவில்லை. காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பதிந்தபோது சீரான துடிப்பு, அதே சுமார் 1.33 வினாடிக்கு ஒரு தடவை. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பல்சார் (சுழன்றுகொண்டே சீரான ரேடியோ துடிப்பு அனுப்பும் விண்மீன்) அதுதான். 1974-இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது, அவருக்கு இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், ஏழாம் வகுப்புக்காரிகள் நன்றாகவே சண்டை போடுவார்கள்.