இரண்டு திட்டு, நடுவில் ஒரு புள்ளி: இது ஒரே ராட்சத ரேடியோ கேலக்ஸிதானா?

மின்மினி:

லோஃபார் என்ற ரேடியோ தொலைநோக்கி 144 மெகாஹெர்ட்ஸில் எடுத்த வான்படங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து பார்க்கலாம் என்று தெரிந்ததிலிருந்து ராத்திரியெல்லாம் அதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். நேற்று ஒரு இடத்தில் கிழக்கும் மேற்குமாக இரண்டு மங்கலான திட்டுகள் கிடைத்தன. இரண்டும் நீள்வட்டமாக இருக்கின்றன, இரண்டின் வெளி முனையிலும் ஊசி குத்தியதுபோல் ஒரு பிரகாசமான புள்ளி. இடையில் ஒரே ஒரு சின்னப் புள்ளி, அதுவும் சரியாக நடுவில் இல்லை. அதிலிருந்து கிழக்கு முனை 5 வில்நிமிடம் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்குதான் வில்நிமிடம்), மேற்கு முனை 7 வில்நிமிடம். மொத்தம் 12 வில்நிமிடம் என்றால் முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. நடுப்புள்ளி இருக்கும் இடத்தில் சாதாரண ஒளிப்படத்தில் ஒரு நீள்வட்ட கேலக்ஸி இருக்கிறது, செம்பெயர்ச்சி (பேரண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும் அளவு, தூரத்தைக் காட்டுவது) 0.2 என்று பட்டியல் சொல்கிறது.

ராட்சத ரேடியோ கேலக்ஸி என்று நான் படித்தது இதுதானா? அப்படியென்றால் நடுப்புள்ளிக்கும் திட்டுகளுக்கும் இடையில் ஏன் ஒன்றுமே தெரியவில்லை? எந்தப் பகுதிக்கு என்ன பெயர், எது எதிலிருந்து வந்தது என்று யாராவது பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

துருவன்:

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். செம்பெயர்ச்சி 0.2 என்றால் வானத்தில் ஒரு வில்நொடி அங்கே சுமார் 3.3 கிலோபார்செக் (ஒரு கிலோபார்செக் ஏறத்தாழ 3,260 ஒளியாண்டு). 12 வில்நிமிடம் 720 வில்நொடி, ஆகவே நீளம் கிட்டத்தட்ட 2.4 மெகாபார்செக், அதாவது ஏறத்தாழ 77 லட்சம் ஒளியாண்டு. 0.7 மெகாபார்செக்கைத் தாண்டினாலே ராட்சதம் என்று இப்போது எடுத்துக்கொள்கிறார்கள் (பழைய கட்டுரைகளில் 1 மெகாபார்செக் என்று இருக்கும், அது பேரண்டம் விரியும் வேகத்தைச் சொல்லும் ஹபிள் மாறிலியின் பழைய மதிப்பால் வந்த வித்தியாசம்). 0.7 மெகாபார்செக் என்பதே நமக்கும் ஆண்ட்ரோமீடாவுக்கும் இருக்கும் தூரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். உங்களுடையது அதைப்போல் மூன்று மடங்கு. இது குறைந்தபட்ச நீளம் என்பதையும் மறக்காதீர்கள், நம் பார்வைக்குச் சாய்ந்து கிடந்தால் உண்மையான நீளம் இதைவிட அதிகம்.

இப்போது பகுதிகள். நடுப்புள்ளிதான் கரு. அந்த நீள்வட்ட கேலக்ஸியின் மையத்தில் ஒரு பெருங்கருந்துளை இருக்கும், அதில் விழும் பொருளின் ஆற்றலில் ஒரு பங்கு எதிரெதிராக இரண்டு ஜெட்களாகக் கிளம்புகிறது. ஜெட் நெடுந்தூரம் ஓடி, கேலக்ஸிகளுக்கு இடையில் இருக்கும் மிக மெல்லிய வாயுவில் போய் முட்டும் இடம்தான் நீங்கள் பார்த்த ஊசிப்புள்ளி, அதற்கு ஹாட்ஸ்பாட் என்று பெயர். ரப்பர் குழாயில் தண்ணீரைச் சுவர்மேல் பீய்ச்சிப் பாருங்கள். தாரை பட்ட இடத்தில் ஒரு வெண்திட்டு, அங்கிருந்து தண்ணீர் நாலாபக்கமும் பரவிப் பின்னோக்கித் தெறிக்கும். ஹாட்ஸ்பாட்டில் மோதிய பிளாஸ்மாவும் (ஜெட்டில் வந்த மின்னேற்றமுள்ள வாயு) அப்படியே திரும்பிக் கருவை நோக்கி வழிகிறது. வழிந்து தேங்கியதுதான் அந்த நீள்வட்டத் திட்டு, அதை மடல் என்போம். ஹாட்ஸ்பாட் முன்னே நகர நகர மடல் அதன் பின்னால் நீண்டுகொண்டே போகும்.

ஜெட் ஏன் தெரியவில்லை என்பதற்கு இரண்டு காரணம். ஒன்று, நன்றாக ஓடும் ஜெட் தன் ஆற்றலை வழியில் வீணாக்குவதில்லை, அதனால் அது மங்கலாகத்தான் இருக்கும். இரண்டாவது, ஜெட்டின் பொருள் ஒளியின் வேகத்துக்கு அருகில் ஓடுவதால் அதன் ஒளி போகும் திசையிலேயே குவிந்துவிடுகிறது. நம் பக்கமாகச் சாய்ந்த ஜெட் கொஞ்சம் தெரியும், அந்தப் பக்கம் போவது சுத்தமாக மறைந்துவிடும், உங்களுடையதைப்போல் பக்கவாட்டில் படுத்துக் கிடந்தால் இரண்டுமே மங்கல்தான்.

முனையில் பிரகாசமாக இருப்பதை வைத்து இதை எஃப்ஆர் 2 வகை என்று சொல்லலாம். 1974இல் ஃபனாராஃபும் ரைலியும் செய்த பிரிவு அது. எஃப்ஆர் 1 வகையில் கருவுக்குப் பக்கத்தில் பிரகாசம், போகப் போக மங்கிப் புகைபோலக் கலைந்துவிடும். ராட்சதங்களில் பெரும்பாலானவை எஃப்ஆர் 2.

ஒரு கணக்கு மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நூறு கோடி சூரிய நிறையுள்ள கருந்துளையின் நிகழ்வெல்லை (ஒளிகூடத் தப்ப முடியாத எல்லை) சுமார் 600 கோடி கிலோமீட்டர் குறுக்களவு. அதை 2 மில்லிமீட்டர் குண்டூசித் தலையாகச் சுருக்கினால், நீங்கள் பார்த்த அமைப்பின் நீளம் 24 ஆயிரம் கிலோமீட்டர், பூமியின் விட்டத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அத்தனை சின்ன இடத்திலிருந்து கிளம்பியது அத்தனை தூரம் திசை மாறாமல் போயிருக்கிறது, இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு மலைப்பு அடங்குவதில்லை. ஜெட் தான் ஏற்கெனவே குடைந்த குகைக்குள்ளேயே ஓடுகிறது, சுற்றிலும் இருக்கும் மடலின் பிளாஸ்மா வெளி வாயுவைவிடவும் மெல்லியது, அது கலையாமல் போவதற்கு இது பெரிதும் உதவுகிறது.

கீழ்வானம்:

துருவன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதெல்லாம் இந்த மூன்றும் ஒரே பொருள் என்று உறுதியான பிறகுதான். அங்கேதான் நான் ஒரு தடவை சறுக்கினேன். இதேபோல் இரண்டு திட்டுகளை ஜோடி சேர்த்து, நடுவில் ஒரு கேலக்ஸியையும் பிடித்து, அளவெல்லாம் போட்டு வைத்திருந்தேன். பிறகு கூர்மையான படம் ஒன்றைத் திறந்து பார்த்தால், ஒரு திட்டின் நட்டநடுவிலேயே ஒரு சின்னக் கரு இருந்தது, அதிலிருந்து இரண்டு பக்கமும் குட்டி ஜெட்கள். அது தனியாக ஒரு ரேடியோ கேலக்ஸி, என் ஜோடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு திட்டுக்குள்ளும் தனிக் கரு இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேடுகிறேன்.

அடுத்து நடுப்பகுதி உண்மையிலேயே காலியா, அல்லது படத்தில் மட்டும்தான் காலியா என்று பாருங்கள். பல ஆண்டெனாக்களை இணைத்து எடுக்கும் படங்களில், பக்கத்துப் பக்கத்து ஆண்டெனாக்களுக்கு இடையிலான சிறிய தூரம்தான் வானத்தின் அகலமான, மங்கலான அமைப்புகளைப் பிடிக்கும். அந்தச் சிறிய தூரம் இல்லாத படத்தில் ஹாட்ஸ்பாட் மட்டும் பளிச்சென்று நிற்கும், மடல் காணாமல் போய்விடும். அமெரிக்காவின் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கியின் ஃபர்ஸ்ட் வான்படத்தில் இப்படித்தான் ராட்சதங்கள் சம்பந்தமில்லாத மூன்று புள்ளிகளாகத் தெரியும். அதே தொலைநோக்கியின் ஆண்டெனாக்களை நெருக்கி வைத்து எடுத்த என்விஎஸ்எஸ் படத்தில் 45 வில்நொடியைவிடச் சின்ன விவரம் தெரியாது, ஆனாலும் மடல்கள் வந்துவிடும். லோஃபாரிலும் 6 வில்நொடிப் படம் தவிர 20 வில்நொடிப் படம் ஒன்று உண்டு. நீங்கள் பார்த்தது 6 ஆக இருந்தால் 20ஐத் திறந்து பாருங்கள்.

மூன்றாவது சோதனை நிறமாலை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒளிர்கிறது என்பது. மடல் ஒளிர்வது சின்க்ரோட்ரான் கதிர்வீச்சால், காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழலும் அதிவேக எலக்ட்ரான்கள் வெளியிடுவது. அதிக ஆற்றலுள்ள எலக்ட்ரான் உயர்ந்த அதிர்வெண்ணில் ஒளிரும், சீக்கிரம் களைத்தும் போகும். ஆகவே பழைய பிளாஸ்மா முதலில் 1400 மெகாஹெர்ட்ஸில் மங்கும், 144இல் இன்னும் தெரியும். எஃப்ஆர் 2இல் புது எலக்ட்ரான்கள் ஹாட்ஸ்பாட்டில் பிறக்கின்றன, கருவுக்கு அருகில் இருப்பவைதான் கிழடு. இரண்டு அதிர்வெண் படங்களையும் ஒப்பிட்டால் வெளி முனையிலிருந்து உள்ளே வர வர உயர் அதிர்வெண் ஒளி வேகமாகக் குறைய வேண்டும். இரண்டு திட்டிலும் அப்படிக் குறைந்து, இரண்டும் ஒரே கேலக்ஸியை நோக்கியும் இருந்தால் எனக்குச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ராட்சதங்களில் இந்தக் களைப்புக்குப் பெரிய காரணம் காந்தப்புலமே இல்லை. மடல்கள் அவ்வளவு விரிந்துவிட்டதால் புலம் ஒரு மைக்ரோகாஸ் (காஸ் என்ற காந்தப்புல அலகில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்குத் தேய்ந்திருக்கும். பேரண்டப் பின்னணிக் கதிர்வீச்சின் (பெருவெடிப்பின் மிச்சமாக எங்கும் நிறைந்திருக்கும் ஒளி) ஃபோட்டான்கள்மேல் மோதி எலக்ட்ரான்கள் ஆற்றலை இழப்பதுதான் பெரிய செலவு. செம்பெயர்ச்சி 0.2இல் இந்த இழப்பு ஏறக்குறைய 4.7 மைக்ரோகாஸ் காந்தப்புலத்தால் ஆகும் இழப்புக்குச் சமம், இழப்பு புலத்தின் இருமடியாக ஏறும் என்பதால் இது மடலின் சொந்தப் புலத்தால் ஆகும் இழப்பைப்போல் இருபது மடங்குக்கும் மேல். இதையெல்லாம் போட்டுக் கணக்கிட்டால் 1400 மெகாஹெர்ட்ஸில் ஒளிரும் எலக்ட்ரானுக்கு ஆயுள் 5 கோடி ஆண்டு போல, 144இல் 15 கோடி ஆண்டுக்குச் சற்று மேல். லோஃபார், புனே அருகே இருக்கும் ஜிஎம்ஆர்டி போன்ற தாழ் அதிர்வெண் தொலைநோக்கிகள் வந்த பிறகு ராட்சதங்கள் கொத்துக்கொத்தாகக் கிடைப்பதற்கு இந்த மூன்று மடங்கு ஆயுளும் ஒரு காரணம். 1974இல் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியால் 3சி 236, டிஏ 240 என்று இரண்டே இரண்டைக் கண்டுபிடித்தார்கள், இன்று எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

மின்மினி:

இரண்டு பேருக்கும் நன்றி. தனிக் கரு சோதனையை இப்போதே செய்தேன், இரண்டு திட்டிலும் உள்ளே ஒன்றும் இல்லை, முனைப்புள்ளிகள் இருக்கும் இடத்தில் ஒளிப்படத்தில் கேலக்ஸியும் இல்லை. ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஒரு பக்கம் 5, இன்னொரு பக்கம் 7 என்று ஏன் கோணலாக இருக்கிறது? தூரத்து முனையிலிருந்து ஒளி தாமதமாக வருவதாலா?

துருவன்:

தாமதம் உண்மைதான். அமைப்பு வானத்தின் தளத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால், அந்தப் பக்க முனையின் ஒளி இந்தப் பக்க முனையின் ஒளியைவிட 44 லட்சம் ஆண்டு முன்பே கிளம்பியிருக்க வேண்டும். ஆக ஒரே படத்தில் ஒரு மடலை 44 லட்சம் ஆண்டு இளமையாகப் பார்க்கிறோம், இளமையானது குட்டையாகத் தெரியும். ஆனால் அதனால் மட்டும் 5க்கு 7 வராது. முனைகள் முன்னேறும் வேகம் சாதாரணமாக ஒளிவேகத்தில் சில சதவீதம்தான். 5 சதவீதம், 30 பாகைச் சாய்வு என்று வைத்தால் இரண்டு கைகளுக்கும் (கருவிலிருந்து ஒவ்வொரு முனை வரையிலும் உள்ள நீளம்) 1.05 மடங்குதான் வித்தியாசம் வரும். 1.4 வர வேண்டுமென்றால் பார்வைக்கோட்டுத் திசையில் மட்டுமே 17 சதவீத வேகம் தேவை, ராட்சதங்களுக்கு அது அதிகம்.

எனவே சந்தேகப்பட வேண்டியது சுற்றுப்புறத்தை. குட்டைக் கையின் பக்கம் வாயு அடர்த்தியாக இருந்து ஜெட்டைத் தடுத்திருக்கலாம். அந்த வாயுவை நேரடியாகப் பார்ப்பது மிகக் கடினம், ஆனால் கேலக்ஸிகள் கூடும் இடத்தில்தான் வாயுவும் கூடும். 2008இல் சுப்ரமணியன், சரிபள்ளி குழுவினர் எம்எஸ்எச் 05-22 என்ற ராட்சதத்தைச் சுற்றி இருக்கும் கேலக்ஸிகளின் செம்பெயர்ச்சிகளை அளந்து, ரேடியோ அமைப்பின் கோணலுக்கும் கேலக்ஸிகள் பரவியிருக்கும் விதத்துக்கும் இருக்கும் தொடர்பை ஆராய்ந்தார்கள். நீங்களும் இரண்டு பக்கமும் 0.2 ஒட்டிய செம்பெயர்ச்சியுள்ள கேலக்ஸிகளை எண்ணிப் பாருங்கள்.

ஓரியன்_கை:

சுற்றுப்புறம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ராட்சதங்கள் காலியான இடத்தில் வளர்வதால்தான் பெரிதாகின்றன என்று பல இடங்களில் முடிந்த விஷயமாக எழுதுகிறார்கள். என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. கேலக்ஸிக் கொத்துகளுக்குள்ளேயே ராட்சதங்கள் கிடைத்திருக்கின்றன. கருந்துளை பெரிது என்பதும் விடையாகாது. 2022இல் லோஃபார் படங்களில் கிடைத்த அல்சியோனியஸ் 5 மெகாபார்செக், 1.6 கோடி ஒளியாண்டு நீளம், ஆனால் அதன் கருந்துளை சுமார் 40 கோடி சூரிய நிறைதான், ராட்சதங்களின் வரிசையில் சின்னது. 2024இல் வெளியான போர்ஃபிரியன் 7 மெகாபார்செக், நமக்கும் ஆண்ட்ரோமீடாவுக்கும் உள்ள தூரத்தைப்போல் ஒன்பது மடங்கு. அதுவும் பேரண்டத்துக்கு 630 கோடி வயது இருந்தபோது, அதாவது வாயு இன்றைவிட அடர்த்தியாகவும் பின்னணிக் கதிர்வீச்சின் தொல்லை இன்றைவிடப் பல மடங்கு அதிகமாகவும் இருந்த காலத்தில் வளர்ந்திருக்கிறது. என் கணிப்பில் ஜெட் எத்தனை காலம் நிற்காமல் ஓடியது, திசை எவ்வளவு மாறாமல் இருந்தது என்பதுதான் முதல் கேள்வி, இடம் அப்புறம்.

நின்று திரும்ப ஓடியவையும் உண்டு. பழைய ஜோடி மடலுக்கு உள்ளே, அதே கோட்டில், புது ஜோடி ஒன்று இருக்கும், இரட்டை இரட்டை ரேடியோ கேலக்ஸி என்று அதற்குப் பெயர். மின்மினி, உங்கள் படத்தில் கருவுக்கு இரண்டு பக்கமும் சமதூரத்தில் சின்னத் திட்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

அப்புறம் இந்த இரட்டை மடல் என்ற விஷயமே எப்படித் தெரியவந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1953இல் ஜோட்ரல் பேங்கில் ஜெனிசனும், இந்தியாவிலிருந்து போயிருந்த மிருணாள் குமார் தாஸ் குப்தாவும் சிக்னஸ் ஏ மூலத்தை அளந்தபோது, ரேடியோ ஒளி கேலக்ஸியிலிருந்து வரவில்லை, அதன் இரண்டு பக்கமும் இருக்கும் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது என்று கண்டார்கள். கருந்துளை, ஜெட் என்ற விளக்கமெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பு.

மின்மினி:

20 வில்நொடிப் படத்தைத் திறந்தேன். நடுப்பகுதி காலியாக இல்லை. கிழக்கு மடலிலிருந்து உள்நோக்கி ஒரு மெல்லிய படலம் வருகிறது, கருவை நெருங்க நெருங்கத் தேய்ந்து, அதற்கு ஒரு வில்நிமிடம் முன்பு இரைச்சலோடு கலந்துவிடுகிறது. மேற்கிலும் இருக்கிறது, ஆனால் இன்னும் மங்கல், பாதி வழியிலேயே கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. என்விஎஸ்எஸ்ஸில் அதே இடத்தில் கிழக்குப் படலம் ஹாட்ஸ்பாட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தெரிகிறது, உள்ளே வந்தால் ஒன்றுமே இல்லை. கீழ்வானம் சொன்ன களைப்பு இதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே புது ஜோடி எதுவும் தென்படவில்லை.

கேலக்ஸிகளை எண்ண ஆரம்பித்திருக்கிறேன், செம்பெயர்ச்சி 0.18 முதல் 0.22 வரை. கிழக்குப் பக்கம் இதுவரை பதினொன்று, மேற்கில் நான்கு. இதில் பலவற்றின் செம்பெயர்ச்சி நிறத்தை வைத்து மதிப்பிட்டது, நிறமாலையில் அளந்தவை மூன்றுதான். மீதியையும் எண்ணிவிட்டு நாளை ராத்திரி இங்கேயே போடுகிறேன்.