20 கி.மீ. தள்ளி நிற்கும் ஆம்புலன்ஸ்: நிமிடங்கள் எங்கே போகின்றன?

வரப்போரம்:
ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலிருந்து கிராமம் 20 கி.மீ. பதிவேட்டில் சராசரி 22 நிமிடம் என்று இருக்கிறது. காத்திருப்பவர்களோ அரை மணிக்கு மேல் என்கிறார்கள். யார் கணக்கு தப்பு? நெஞ்சுவலி அழைப்புக்கு மட்டுமாவது நேரத்தைக் குறைக்க முடியுமா?

இரவுப்பணி:
இரண்டுமே சரியாக இருக்கலாம். சில பதிவேடுகளில் கடிகாரம் வண்டி கிளம்பியதும் ஓடத் தொடங்கி, வாசலுக்கு வந்ததும் நின்றுவிடும். அழைப்பை எடுத்தது, வண்டிக்குத் தகவல் போனது, சக்கரம் உருண்டது, வாசலுக்கு வந்தது, நோயாளியைத் தொட்டது என்று ஐந்தையும் தனித்தனியே குறியுங்கள். சராசரியை நம்ப வேண்டாம். 10 அழைப்பில் 9-க்கு எத்தனை நிமிடத்துக்குள் போக முடிந்தது என்று பாருங்கள்.

வேகத்தில் பெரிய மிச்சமில்லை. 20 கி.மீ.யை 60-ல் ஓட்டினால் 20 நிமிடம், 70-ல் ஓட்டினால் 17. அந்த 3 நிமிடமும் ஊருக்குள் வழி கேட்பதிலேயே போய்விடும். திருப்பத்தில் டார்ச்சோடு ஒரு ஆளை நிறுத்தச் சொல்லுங்கள்.

துடிப்பலை:
மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. இதயம் நின்றுவிட்டால், சிபிஆரும் (நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைப்பது) மின் அதிர்ச்சியும் இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். 20 நிமிடத்தை 15 ஆக்கி அங்கே பெரிதாக ஒன்றும் ஆகாது. அழைப்பை எடுப்பவர்தான் முதல் ஆம்புலன்ஸ். நினைவு இருக்கிறதா, மூச்சு சாதாரணமாக வருகிறதா என்று இரண்டே கேள்வி. "விட்டுவிட்டு இழுக்கிறார்" என்ற பதிலில்தான் பலர் சறுக்குவது. அது மூச்சுக் கணக்கில் சேராது.

நினைவும் சாதாரண மூச்சும் இல்லையென்றால் சிபிஆர்தான். கட்டிலிலிருந்து தரையில் இறக்கச் சொல்லுங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்சின் நடுவில் 5–6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100–120 தடவை, ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுதாக எழ வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறணும். களைத்தவருக்குத் தன் அழுத்தம் குறைவது தெரியாது.

மருந்துப்பெட்டி:
நினைவோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பவரை நடக்க விடாதீர்கள். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லையென்றால் ஆஸ்பிரின் 300 மி.கி., மென்றுதான் விழுங்கணும். இங்கே பெரிய ஓட்டை, எங்கே கொண்டுபோகிறோம் என்பதில். கிட்டத்திலிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே ஈசிஜி எடுத்து, மறுபடி இன்னொரு வண்டிக்குக் காத்திருந்தால் ஒரு மணி நேரம் சுலபமாகப் போய்விடும். நோயாளியைப் பார்த்த 10 நிமிடத்துக்குள் வண்டியிலேயே 12 லீட் ஈசிஜி (இதயத்தின் மின்துடிப்பை 12 கோணத்தில் காட்டுவது) எடுத்து அனுப்புங்கள். அதில் எஸ்டி ஏற்றம் (இதயக் குழாய் அடைத்திருக்கலாம் என்று காட்டும் மாற்றம்) தெரிந்தால், 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த குழாயைத் திறக்கும் சிகிச்சை) நடக்குமா என்று கேளுங்கள். நடக்காது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிதான் முதலில், அதைப் போடக்கூடாத காரணம் எதுவும் அவருக்கு இல்லையென்றால்.

வரப்போரம்:
ஊர் அலுவலகத்தில் ஒரு ஏஇடி (நின்ற இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் தானியங்கிக் கருவி) வாங்கி வைத்தால்?

துடிப்பலை:
இரவில் சாவி யாரிடம்? அதை முதலில் முடிவு பண்ணுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். பெரும்பாலான கருவிகளுக்கு 50 டிகிரிதான் உச்சவரம்பு, சூட்டில், நெஞ்சில் ஒட்டும் பேடின் ஜெல் காய்ந்துவிடும். தயார்நிலை விளக்கையும் பேடின் காலாவதித் தேதியையும் வாராவாரம் பாருங்கள். கூடவே ஒரு ரேசரும் துண்டும் போட்டு வையுங்கள். வியர்வையிலும் அடர்ந்த முடியிலும் பேடு ஒட்டாது.