மீளாக்க நிறுத்தமா, மீட்புத் தணிப்பா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் வண்டி வேகம் குறையும்போது அதன் ஆற்றலை மின்கலத்துக்குத் திருப்பும் முறைக்கு (regenerative braking), நம் குழுவின் போன மடலில் ‘மீளாக்க நிறுத்தம்’ என்ற சொல் வந்தது. அதன் இரு பாதியும் எனக்கு ஒப்பவில்லை.

ஆக்கம் என்றால் புதிதாக உண்டாக்குவது. இங்கே எதுவும் புதிதாக உண்டாவதில்லை. ஓட வைக்கச் செலவழித்ததில் ஒரு பங்கு கைக்குத் திரும்புகிறது. உந்திய மோட்டாரே மின்னாக்கியாக மாறி அதைச் செய்கிறது. ‘நிறுத்தம்’ என்றால் நம் ஊரில் பேருந்து நிறுத்தம்தான். அதோடு, இந்த முறை வேகத்தைத் தணிக்கத்தான் செய்கிறது; வேகம் நன்றாகத் தணிந்தபின் வண்டியைக் கடைசியாகப் பிடித்து நிறுத்துவது வழக்கமான உராய்வு பிரேக்.

போன மாதம் சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு ஹைபிரிட் டாக்சியில் ஏறினேன். சிராங்கூன் சாலையில் சிவப்பு விளக்கைக் கண்டதும் ஓட்டுநர் பெரியவர் முடுக்கியிலிருந்து காலைத் தூக்கினார். திரையில் மின்கலத்திலிருந்து சக்கரத்துக்குப் போன அம்புக்குறி, சட்டென்று திசை மாறி மின்கலத்துக்கு ஓடியது. “பாருங்க தம்பி, போட்ட காசை மீட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார். எனக்கு வேண்டிய வினைச்சொல் அவர் வாயில் இருந்தது. அடகு வைத்த நகையை மீட்டால் வட்டி போகத்தான் செய்யும். இங்கேயும் மின்னாக்கியிலும் மின்கலத்திலும் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துதான் மீதி வரும். ஆகவே என் பரிந்துரை: மீட்புத் தணிப்பு.

மீட்பு என்றால் தீயணைப்புப் படை நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். நகை மீட்பு, கடன் மீட்பு என்று அன்றாடம் பேசுகிறோமே, அங்கே யாரும் குழம்புவதில்லை.

எடையைப் பற்றி எழுதும்போதுதான் இந்தச் சொல்லின் அருமை தெரியும். 1,400 கிலோ வண்டி 50 கி.மீ. வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 135 கிலோஜூல். 100 கிலோ கூடினால் 145. சாதாரணக் காரில் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் இதில் பெரும்பங்கு பிரேக்கைச் சூடாக்கியே தீர்ந்துபோகும். ஹைபிரிட்டுக்கு மோட்டாரும் மின்கலமும் கூடுதல் சுமைதான். ஆனால் அந்தச் சுமையை உந்தச் செலவானதில் ஒரு பங்கு மீளும். டயர் உருள்வதில் போவதோ மீளவே மீளாது, அதுவும் எடையோடு சேர்ந்து ஏறும். தீவு விரைவுச்சாலையில் பிரேக்கைத் தொடாமல் ஒரே சீராகப் போகிறவருக்கு மீட்க அதிகம் இல்லை. விளக்குக்கு விளக்கு நின்று போகும் தேக்காவில்தான் லாபம். நிற்கும் நேரத்தில் இயந்திரம் அணைந்திருப்பதும் அதில் சேரும். மீள்செலவு, மீளாச்செலவு, மீட்பளவு என்று ஒரே வேரிலிருந்து இதையெல்லாம் சொல்லிவிடலாம். ‘மீளாக்கம்’ இப்படிக் கிளை விடாது.

முதல் தமிழிணைய மாநாடு 1997-இல் நம் சிங்கப்பூரில்தான் கூடியது. அதே ஆண்டு டிசம்பரில் டொயோட்டாவின் ஹைபிரிட் காரான பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இவ்வளவு காலம் கழித்தும் இந்த முறைக்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஹைபிரிட் வண்டிக்குக் ‘கலப்பின வண்டி’ என்ற சொல்லும் வேண்டாம். இனம் பயிருக்கும் மாட்டுக்கும் உரியது. ‘கலப்பு உந்து வண்டி’ போதும். ஆளும் சரக்கும் ஏறாத வண்டியின் எடைக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. எடைமேடையில் கேட்டால் ‘காலி எடை’ என்பார்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.