டிஸ்பிளே தின்ற மூன்று வாரம்

லினக்ஸ் ஓடும் குட்டிக் கணினியான ராஸ்பெரி பை ஜீரோவை வைத்து ஒரு கால்குலேட்டர் செய்தேன். கூட்டல், கழித்தல் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. மூன்று வாரத்தைத் தின்றது டிஸ்பிளேதான்.

எட்டு செவன் செக்மென்ட் (ஏழு கோடுகளால் எண்ணைக் காட்டும்) இலக்கங்கள். போர்டின் இணைப்புப் பின்களை மிச்சப்படுத்த, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் 2 மில்லிநொடி எரியவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு சுற்றுக்கு 16 மில்லிநொடி. கண்ணுக்கு எட்டும் சேர்ந்து எரிவதாகத் தெரியும். எனக்கோ அவ்வப்போது ஏதோ ஓர் இலக்கம் மட்டும் பளீரென்று அடித்தது. சாலிடரிங்கைச் சந்தேகப்பட்டு இரண்டு தடவை பிரித்து ஒட்டினேன் (விரல் சுட்டதுதான் மிச்சம்). அப்புறம்தான் லூப்பின் நேரத்தை அளந்தேன். எஸ்டி கார்டில் எதையாவது எழுதும்போது 2 என்பது 15ஐத் தாண்டியது. 2 மில்லிநொடி தூங்கு என்றால் லினக்ஸ் குறைந்தது அவ்வளவு தூங்கவைக்கும்; எப்போது எழுப்பும் என்று வாக்குக் கொடுப்பதில்லை.

சரி, தூங்கவே வேண்டாம் என்று புரோகிராமை ஃபிஃபோ முன்னுரிமையில் (சாதாரண புரோகிராம்களை முந்தி ஓடும் ரியல்டைம் வகை) போட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றும் லூப் ஆக்கினேன். இப்போது நொடிக்கு ஒரு தடவை, அச்சு பிசகாமல், ஓர் இலக்கம் பளிச்; மற்ற ஏழும் இருட்டு. லினக்ஸின் மையமான கெர்னலின் லாகில் ஒரே வரி: ஆர்டி த்ராட்லிங் ஆக்டிவேட்டட், அதாவது ரியல்டைம் வேலைக்குக் கடிவாளம். ரியல்டைம் வேலைகளுக்கு நொடியில் 950 மில்லிநொடிதான், மீதி 50 மற்றவர்களுக்கு என்பது கெர்னலின் வழக்கமான கணக்கு. அந்த 50இல் என் லூப் நிற்கும், கடைசியாக ஏற்றிய இலக்கம் அப்படியே எரிந்துகொண்டிருக்கும். அந்த வரம்பை -1 ஆக்கினால் தடை போய்விடும். ஆக்கினேன். ஜீரோவில் இருப்பது ஒரே கோர், அதை என் லூப்பே பிடித்துக்கொண்டது. வேறு கணினியிலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்ஹெச் செத்தது, கீபேட் செத்தது, டிஸ்பிளே மட்டும் அழகாக எரிந்தது! ஒயரைப் பிடுங்கித்தான் மீட்டேன்.

கடைசியில் டிஸ்பிளேயை ஓட்டுவதற்கென்றே உள்ள மேக்ஸ்7219 சிப் வாங்கினேன். இலக்கங்களை அதுவே நொடிக்கு ஏறக்குறைய 800 தடவை சுற்றிக் காட்டுகிறது. எண் மாறும்போது லினக்ஸ் சொன்னால் போதும், கொஞ்சம் தாமதமானாலும் யாருக்கும் தெரியாது.

—

அண்ணா, நான் அந்த சிப்பிலேயே தொடங்கினேன், கீபேடில் மாட்டிக்கொண்டேன். 5ஐ அழுத்தினால் 55 விழும். பட்டன் தொடும்போது சில மில்லிநொடி துள்ளுகிறதே, அதனால். 20 மில்லிநொடி பொறுக்கச் சொன்னேன். 55 நின்றது, ஆனால் சிபியு மும்முரமாக இருந்தால் வேகமாகத் தட்டிய எண்களே காணாமல் போயின. நான் பார்ப்பதற்குள் விரலை எடுத்தாயிற்று! கெர்னலில் மேட்ரிக்ஸ் கீபேட் டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. எந்தப் பின்னில் என்ன இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் பின்களையும் பொறுக்கும் நேரத்தையும் எழுதிவிட்டேன், பட்டன் அழுத்திய சைகை (இன்டரப்ட்) வந்ததும் அதுவே பார்த்துக்கொள்கிறது.

ஒன்று கேட்கணும்: 2024இல் 6.12 கெர்னலோடு லினக்ஸை நேரம் தவறாமல் ஓடவைக்கும் ப்ரீஎம்ப்ட் ஆர்டி மெயின்லைனுக்கே (அதிகாரபூர்வ கெர்னலுக்கே) வந்துவிட்டதே, அதைப் போட்டுப் பார்க்கவில்லையா?

—

ஆசைதான் தம்பி. 6.12இல் ஆர்ம் வகை சிப்களில் 64 பிட்டுக்குத்தான் அது வந்தது. என்னுடையது பழைய ஜீரோ, 32 பிட்.