புதுப்பிப்பு: கிரெக் அபாட், மரம் விழுந்த நாளுக்குப் பிறகு
1984 ஜூலையில் ஹூஸ்டனில் ஓட்டப்பயிற்சியின்போது ஓக் மரம் சாய்ந்து, பின்னாளில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆளுநரான கிரெக் அபாட் 26 வயதில் இடுப்புக்குக் கீழே செயலிழந்ததோடு முந்தைய இழையை நிறுத்தியிருந்தேன். பிறகு என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். அப்போதுதான் சட்டப் படிப்பை முடித்திருந்த அவர், முதுகெலும்பில் எஃகுத் தண்டுகள் பொருத்தப்பட்ட நிலையில், சக்கர நாற்காலியிலிருந்தே வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கி, 1993இல் விசாரணை நீதிபதியானார். டெக்சாஸில் அப்பதவிக்கும் தேர்தலில் வென்றாக வேண்டும் என்பதால், இந்தப் படியையே நான் மிகவும் மதிக்கிறேன். அடுத்து மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி, 2002இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர், 2015இல் ஆளுநர். முன்பு சொல்லத் தவறிய ஒன்று: மரத்தின் உரிமையாளர் மீது வழக்குத் தொடுத்துப் பெற்ற இழப்பீடு, இன்றுவரை மாதத் தவணைகளையும் உள்ளடக்கியது, அதை விட்டுவிட்டு மனவுறுதியை மட்டும் புகழ்வது முறையாகாது.